ஜன்னலடியில் நிற்கும் அயர்லாந்துப் பெண்களும் இருபது ரோல்ஸும்

கூட்டங்களுக்குத் தேநீர் கொண்டுபோகிறவன் பேச்சில் பாதியைத்தான் கேட்பான். மறுபாதியில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும். கூட்டங்களில் தேநீர் ஊற்றி அவதிப்பட்டவர்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை.

தொண்ணூறுகளில், நாங்கள் புலம்பெயர்ந்து வந்த குளிர் நாட்டில், டோர்செட் பார்க் என்ற இடத்தில் ஒரு மாடிக் கட்டடத்தின் பார்ட்டி ரூமில், மாதம் ஒரு ஞாயிறு எங்கள் வாசகர் வட்டம் கூடும். நான் சொல்லப்போகும் மூன்று கூட்டங்களுக்கும் வந்தவர்கள்: தலைவர் சிவபாதம் மாஸ்டர், அவர் மனைவி கமலாக்கா, கவிதை எழுதும் தவம், பக்டரியில் பெட்டி அடுக்கும் ராசமலர், பெயர் சொல்ல விரும்பாத ஆண்கள் நால்வர், பெண்கள் இருவர். குசினிக்குள் அடுப்படியில் நின்ற என்னைச் சேர்க்காமல் பத்துப்பேர். கறி அடைத்துச் சுருட்டிப் பொரித்த ரோல்ஸ், ஆளுக்கு இரண்டாக இருபது.

குளிர்

ராசமலர் வேலைக்குப் போகும் பஸ்ஸிலேயே கதைகளை வாசித்து முடித்து ஒரு கட்டுரை எழுதியிருந்தார்: இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்து அயர்லாந்துச் சிறுகதைகளில் பெண்கள். அந்தப் பெண்கள் ஜன்னலடியில் நின்று வெளியே பார்க்கிறார்கள், ஆண்கள் கப்பலேறிப் போகிறார்கள், பெண்கள் அங்கேயே நிற்கிறார்கள் என்று தொடங்கினார்.

எங்கள் வட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. தலைவர் இருமினால் நான் தேநீரும் ரோல்ஸும் வைத்த தட்டைக் கொண்டுவர வேண்டும். தட்டு வந்தால் பெண்கள் எழுந்து பரிமாற வேண்டும். பரிமாறி முடிந்தால் பேச்சு வீட்டு விலைக்குப் போய்விடும், திரும்பி வராது. அன்றும் இரண்டாம் பக்கத்தில் தலைவர் இருமினார். ராசமலர் தாளை மடித்துவிட்டுக் கோப்பை நீட்டப் போனார். தவம் தன் கோப்பையை வாங்கிக்கொண்டு அக்கறையோடு கேட்டார்: "ஏன் தங்கச்சி, அந்தப் பிள்ளையளுக்கு ஹீட்டிங் இல்லையோ? ஜன்னலடி குளிருமெல்லே."

சீனி

அடுத்த மாதம் ராசமலர் விட்ட இடத்தில் தொடங்கினார். ஒரு கதையில் தாய், மகனுக்கு முட்டை அவித்து உரித்தும் கொடுக்கிறாள். மகள் நிலம் துடைக்கிறாள். கமலாக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏன், அந்தப் பெடியனுக்குக் கையில்லையோ?" என்றார். அதற்குள் தலைவர் இருமி, தட்டும் வந்துவிட்டது. கமலாக்கா அந்தக் கோபம் தணியாமலே கணவரின் தேநீரில் சீனி போட்டு, கலக்கி, ஊதியும் கொடுத்தார். தலைவர் ஒரு வாய் குடித்துப் பார்த்துச் சொன்னார்: "சீனி காணாது, கமலா."

இருமல்

மூன்றாம் கூட்டத்துக்கு முன் ராசமலர் குசினிக்கு வந்தார். "அண்ணை, வாற மாசத்திலையிருந்து எனக்கு ஞாயிறும் வேலை. இண்டைக்கு விட்டால் இந்தக் கட்டுரை முடியாது. நான் முடிக்குமட்டும் உந்தத் தட்டை வெளியிலை கொண்டு வராதேங்கோ."

மாஸ்டருக்கு முன்னால் நிமிர்ந்து நின்றே பழக்கமில்லாதவன் நான். இருந்தும் தலையாட்டிவிட்டேன். குசினிக் கதவைச் சாத்தி, ரோல்ஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கதவு நீக்கலால் பார்த்தேன். தலைவர் இருமினார். கமலாக்கா கைப்பையிலிருந்து ஒரு இருமல் டொபி எடுத்துக் கொடுத்தார். மறுபடி இருமினார். மறுபடி ஒரு டொபி. மூன்றாவது டொபியோடு அவரால் இருமவும் முடியவில்லை, பேசவும் முடியவில்லை.

ராசமலர் கடைசிப் பக்கத்துக்கு வந்தார். "நான் வாசிச்சது பதினாலு கதை. தேத்தண்ணி ஊத்தாத பொம்பிளை அதிலை இல்லை. ஊத்தினதை ஆறுதலா இருந்து குடிச்சவ எண்டு ஒருத்தியையும் நான் காணேல்லை."

நான் தட்டோடு கதவைத் திறந்தேன். பழக்கத்தில் பெண்கள் பாதி எழுந்தார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்து மறுபடி உட்கார்ந்துவிட்டார்கள். கடைசியில் தவம்தான் என்னிடம் வந்து தட்டைப் பார்த்து மெல்லக் கேட்டார், "அண்ணை, இதை எந்தப் பக்கத்தாலை பிடிக்கிறது?" என்று.

தவம் பிடித்த தட்டு முதலில் பெண்களிடம் போனது. அவர்கள் அவசரமில்லாமல் ஆளுக்கு மூன்று எடுத்தார்கள். மற்ற ஆண்களையும் சுற்றித் தலைவரிடம் வரும்போது தட்டில் ஒன்றே ஒன்று கிடந்தது. நம் ஆட்கள் கூடிய இடத்தில் கடைசி ஒன்றை எவரும் எடுப்பதில்லை. தலைவர் எப்படி எடுப்பார்? மூன்றாவது டொபியை விழுங்கிவிட்டு, "கமலா, எனக்கு?" என்றார். கமலாக்கா தன் கோப்பையிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை: "ஜன்னலடியிலை போய் நில்லுங்கோ, வரும்."

ஆக, கொண்டுபோனது இருபது, முடிந்தது பத்தொன்பது ரோல்ஸும் ஒரு கட்டுரையும், மிச்சம் ஒன்று.