முசே கோதண்டபாணியின் கூப்பி

செய்தி வந்தபோது நான் ஒரு ராணுவ மேஜருக்கு வசனம் எழுதிக்கொண்டிருந்தேன். ஆங்கில சண்டைப் படங்களுக்குத் தமிழில் பேச்சு எழுதுவது என் பிழைப்பு. மேஜர் வாயைத் திறந்தபடி திரையில் நின்றுகொண்டிருந்தார். கைப்பேசியில் செல்வி. பிரெஞ்சு மரியாதையில் நான் 'முசே' என்று அழைக்கும் கோதண்டபாணியின் மகள்.

"சார், அப்பா காலையில போயிட்டாரு. கதிர்காமம் ஆஸ்பத்திரியிலதான். கடைசி வரைக்கும் 'கூப்பி, கூப்பி'ன்னே சொல்லிக்கிட்டு இருந்தாரு சார். கையத் தூக்க முடியல அவரால. நான்தான் ரெண்டு கையையும் சேத்துப் புடிச்சுக்கிட்டேன். சாமி நெனப்புலயே போயிட்டாரு."

வருகிறேன் என்று மட்டும் சொன்னேன். அந்தக் 'கூப்பி'க்கு வேறு பொருள் உண்டு என்று தெரிந்த ஆள், இந்த ஊரில் நான் ஒருவன்தான் மிச்சம்.

உழவர்கரைக்காரர்கள் நீங்கள் அவரை 'சொல்தா' என்றே அறிவீர்கள். பிரெஞ்சுப் பட்டாளத்துக்குப் போய்த் திரும்பியவர் எல்லாரும் நம் புதுச்சேரியில் சொல்தாதானே. தேய்த்த சட்டை, காலையில் சைக்கிள், ரொட்டிக்கடையில் யாரோடும் பேசாத பத்து நிமிடம், இவ்வளவுதான் உங்களில் பலருக்குத் தெரிந்த கோதண்டபாணி. துப்பாக்கி பிடித்து நின்றவர் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். அவர் துப்பாக்கி பிடித்தவரல்ல. விமானத்தின் அடியில் குனிந்து குண்டு மாட்டியவர். அதுவும் அல்ஜீரியா விடுதலைப் போரில், பிரெஞ்சுக்காரர் பக்கம்.

மூலக்குளத்தில் என் வீட்டுக் கதவை அவர் முதன்முதலாகத் தட்டியபோது கையில் நான்கு தாள்கள் இருந்தன. "நீங்கதான் டிவியில போட்ட அந்தப் படத்துக்கு வசனமா?" என்றார். ஆமாம் என்றேன், பாராட்ட வந்திருக்கிறார் என்ற நினைப்பில். "தப்பு" என்றார். உட்காரச் சொல்வதற்குள் உட்கார்ந்துவிட்டார். தாளைப் பார்த்து வாசித்தார்: நான் 'மிஷின் கன்' என்று எழுதிய இடங்களில் ஒன்று பிரெஞ்சு மாட்-49, இரண்டு ரஷ்ய ஏ.கே., ஹெலிகாப்டர் கதவில் தொங்கியது அமெரிக்க எம்-60. ராக்கெட்டைப் போய் 'குண்டு' என்று எழுதியிருக்கிறேனாம். "மாட்ட கொக்குன்னு எழுதுவியா நீ?" என்று கேட்டார். அன்றைக்கே மரியாதை ஒருமைக்கு இறங்கிவிட்டது. அன்றிலிருந்து எனக்குப் பெயரும் 'வசனம்' ஆயிற்று.

பிறகு ஒவ்வொரு செவ்வாயும் சாப்பாட்டுக்குப் பிறகு வந்துவிடுவார். நான் டிவிடியை ஓட்டுவேன், அவர் ஆயுதங்களின் பெயரைச் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்வேன். கதாநாயகன் முகத்தை அவர் பார்த்ததே இல்லை. கையைத்தான் பார்ப்பார். "எட்டுதான் புடிக்கும் அதுல. பதிமூணு சுட்டுட்டான். மடியில கட்டிக்கினு வந்தானா?" என்பார். கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தைக் கேட்டே, "காட்டுறது ஒன்னு, சுடுறது ஒன்னு. சத்தத்த வேற துப்பாக்கியில எடுத்திருக்கான்" என்று சொல்லியும் இருக்கிறார். எனக்குச் சிரிப்பு தாங்காது. அவர் சிரிக்க மாட்டார்.

விமானம் வரும் காட்சி என்றால் மட்டும் ஆள் மாறிவிடுவார். நாற்காலியின் நுனிக்கு வந்து, டிவிக்குள் தலையை விடுகிறாற்போல் குனிந்து, இறக்கைக்கு அடியில் தேடுவார். உதடு "கூப்பி... கூப்பி..." என்று முணுமுணுக்கும். கும்பிடுகிறார் என்று நினைத்தேன். 'கை கூப்பி' என்பதில் பாதியை விழுங்கிவிட்டு மீதியைச் சொல்கிறார் என்பது என் கணக்கு. "என்ன முசே, குண்டுக்கெல்லாமா கும்பிடு?" என்று கேலியும் செய்திருக்கிறேன். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்க மாட்டார். ஒரு முறை மட்டும் கேட்டார், "வசனம், ஒரு படத்துலயாவது வெடிக்கலன்னு எழுதேன்." எனக்கு வாய் சும்மா இருக்குமா? "வாயசைவுக்கு ஒத்துவராது முசே" என்றேன். நல்ல பதில் சொல்லிவிட்டதாக நினைத்துக்கொண்டேன். இன்றைக்கு அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஒரு செவ்வாய், பழைய உலகப்போர்க் கதை ஒன்று வந்திருந்தது. சிவப்பு வட்டம் போட்ட ஜப்பான் விமானங்கள் வரிசையாகக் கிளம்பின. அவர் எழுந்து நின்றுவிட்டார்.

"நிறுத்து. அது ஜப்பான்காரன்து இல்ல. தே-சீஸ். சாயம் அடிச்சு ஏமாத்துறான்."

தே-சீஸ் என்றால் பிரெஞ்சு உச்சரிப்பில் டி-6. அமெரிக்கர்கள் பைலட் பயிற்சிக்காகச் செய்தது. சினிமாக்காரர்கள் அதற்கு ஜப்பான் வேஷம் போட்டிருந்தார்கள். அல்ஜீரியாவில் பிரெஞ்சுக்காரர்கள் அதிலேயே குண்டு கட்டி மலைக் கிராமங்களுக்கு அனுப்பினார்கள். அவர் வேலை செய்த விமானம் அது. எந்தச் சாயத்திலும் அவரிடமிருந்து அது தப்ப முடியாது.

நின்ற படத்தின் எதிரில் நின்றபடி சொன்னார். குண்டு மூக்கில் ஒரு பாதுகாப்பு ஊசி இருக்கும், அதில் சிவப்புத் துணி தொங்கும். அந்த ஊசிக்கு பிரெஞ்சில் பெயர் 'கூப்பீய்'. அது நம்மூர் வாயில் கூப்பி. ஊசி இருக்கும்வரை குண்டு வெறும் இரும்பு. விமானம் கிளம்புமுன் கோதண்டபாணி ஒவ்வொன்றாக உருவி, சிவப்புத் துணிகள் தொங்கத் தொங்கக் கையைத் தூக்கிப் பைலட்டுக்குக் காட்ட வேண்டும். பைலட் தலையாட்டினால் போகலாம்.

"ஒரு நாள் மறந்துட்டேன். காய்ச்சல் எனக்கு. ஊசி உருவாமலே அனுப்பிட்டேன், பைலட்டும் பாக்கல. நாலு குண்டும் ஊருக்குள்ள விழுந்துச்சு. ஒன்னும் வெடிக்கல. பூசணிக்கா மாதிரி கெடந்துச்சாம். எட்டு நாள் உள்ள போட்டாங்க. அந்த எட்டு நாளும் நல்லாத் தூங்குனேன்."

"அப்புறம் முசே?"

"அப்புறம் என்னா? மறந்தது அந்த ஒரு நாள்தான். மத்த நாளெல்லாம் ஞாபகமா உருவுனேன். மறக்கணும்னு நெனப்பேன், கை மறக்காது."

நான் எழுதிக்கொண்டிருந்த நோட்டை மூடினேன். அவர், "போடு, பாக்கலாம்" என்றார். போட்டேன். அவர் குனிந்து இறக்கைக்கு அடியில் தேடினார். சிவப்புத் துணி தெரிந்தது. யாரோ சினிமாக்காரன் எடுக்க மறந்திருக்கிறான். "இருக்குது" என்று மூச்சை விட்டார். அடுத்த நொடி திரையில் ஒரு தெருவே எரிந்தது. "தப்பு. வெடிக்காது இது" என்று சத்தமாகச் சொன்னார். எனக்கும் அது தப்பு என்றே எழுதிக்கொள்ளத் தோன்றியது.

அதைப் பற்றி அவர் மறுபடி பேசவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். பயம்தான். அடுத்த செவ்வாய் அவர் வந்து, "என்னா வசனம், இன்னைக்கி எத்தன பொணம்?" என்றபோது பழைய மாதிரியே சிரித்துவைத்தேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, சாப்பிட்ட இலைகளை எடுத்துக்கொண்டிருந்தபோது செல்வியைத் தனியே அழைத்துச் சொன்னேன். சொல்லலாமா, அவளுடைய நிம்மதியைக் கெடுக்க நான் யார் என்று பதினாறு நாளும் யோசித்தேன். ஆனால் ஒருவர் கடைசியாகக் கேட்ட கேள்வியை வேண்டுதல் என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. அவள் முழுவதும் கேட்டாள். அழவில்லை.

"அப்ப அப்பா சாமி கும்புடலயா சார்? ஊசி இருக்கான்னு கேட்டாரா?"

"ஆமாம்மா."

"இருக்குதுப்பான்னு ஒரு வார்த்த சொல்லியிருப்பேனே. தெரியாம கையப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேனே."

அப்போது எனக்கு ஒன்று தோன்றியது. "கையைச் சேர்த்துப் பிடிச்சியே, கையில எதுவும் இருந்துச்சா?" என்று கேட்டேன். "காலியாத்தான் இருந்துச்சு" என்றாள். "கை காலியா இருந்துச்சுன்னா ஊசி குண்டுலயே இருக்குன்னு அர்த்தம்மா. அவருக்கு அது தெரிஞ்சிருக்கும்" என்றேன். அவள் கண் அப்போதுதான் கலங்கியது. இதை எழுதலாமா என்று கேட்டதற்கு, "எழுதுங்க சார், அந்த ஊசியோட பேரயும் எழுதுங்க" என்றாள்.

அவளுக்காகச் சொன்ன வசனம் அது. முசே பக்கத்தில் இருந்திருந்தால் "தப்பு" என்றிருப்பார். வெறும் கையைக் காட்டி அவரை ஏமாற்ற முடியாது; ஊசியை உருவிக் காட்டி முடித்த கையும் காலிதான்.

அவருடைய நான்கு தாள்கள் என்னிடம் இருக்கின்றன. ஆயுதப் பெயர்களை நான் இப்போது தப்பில்லாமல் எழுதுகிறேன். ஆனால் என்னிடம் தங்கிவிட்டது அவையல்ல, அந்தக் குனிவுதான். பாதியில் விட்ட மேஜர் படத்தைப் போன வாரம் மறுபடி எடுத்தேன். விமானங்கள் கிளம்பும் காட்சி வந்தது. வசனம் இல்லாத காட்சி, எனக்கு அங்கே வேலையே கிடையாது. இருந்தும் படத்தை நிறுத்தி, டிவிக்குப் பக்கத்தில் போய், இறக்கைக்கு அடியில் ஒவ்வொரு குண்டாகப் பார்த்தேன்.

சிவப்புத் துணி எதிலும் இல்லை. யாரோ ஞாபகமாக உருவியிருக்கிறார்கள்.