வேல்விழியின் நாற்பது படிவங்கள்

ஐந்து வருடத்தில் வேல்விழி ஏழு முறை ‘மிகவும் திருப்தி’ அடைந்திருக்கிறாள். வல்லம் வடகாலில் கார்களுக்கு ஒயர் கட்டும் தொழிற்சாலையில் அவளுக்கு வேலை. மார்ச் பிறந்தால் போதும், ஏதாவது கல்லூரியிலிருந்து மாணவர்கள் ஆராய்ச்சி என்று படிவங்களைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். எல்லாருக்கும் ஒரே தலைப்பு: தொழிலாளர்களின் பணித் திருப்தி. பெண்களை கேன்டீனில் வரிசையாக உட்காரவைத்து, பக்கத்தில் எச்.ஆர். டில்லிபாபு நின்றுகொள்வார். அப்போது எந்தக் கட்டத்தில் டிக் விழும் என்பதை ஆராய்ச்சி செய்துதான் கண்டுபிடிக்க வேண்டுமா?

சங்கரன்கோவில் பக்கமிருந்து பிளஸ் டூ முடித்த கையோடு வந்தவள். லைனை விட்டு ஆபீஸுக்குப் போக ஒரு பட்டம் வேண்டும் என்று தொலைநிலைக் கல்வியில் பி.பி.ஏ. சேர்ந்தாள். கடைசி வருட ப்ராஜெக்டுக்கு அவளுக்கும் அதே தலைப்புதான் வந்து வாய்த்தது.

பாவம், அவள் பாடப்புத்தகத்தைப் படித்துத் தொலைத்துவிட்டாள். மூன்றாம் யூனிட்டில் தெளிவாகப் போட்டிருந்தது: பதில் சொல்பவரின் பெயரைக் கேட்கக் கூடாது, மேலதிகாரி அருகில் இருக்கக் கூடாது. அதற்கு அடிக்கோடு போட்டாள். மண்ணூரில் தொழிற்சாலைப் பெண்கள் தங்கியிருக்கும் அறைகளுக்கு, அவர்கள் துணி காயப்போட்டு ஓய்ந்து உட்காரும் நேரம் பார்த்துப் போனாள். நாற்பது பேரைக் கேட்டு முடிக்க ஆறு வாரம் ஆயிற்று.

முதலில் சிரித்தார்கள், பிறகு பேசினார்கள். அறைத்தோழி தங்கமாரி சொன்னதைக் கேட்டு வேல்விழி பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். மெஷினில் அவள் விரல் நுனி நசுங்கிய அன்று, ரூம் கதவில் மாட்டிக்கொண்டது என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார்களாம்.

“எழுதிக்கோட்டி. பேரு மட்டும் போட்ராத” என்றாள் தங்கமாரி.

நாற்பதில் முப்பத்தொரு பேருக்குத் திருப்தி இல்லை. இப்படி ஒரு கணக்கை அந்தத் தொழிற்சாலையில் யாரும் எடுத்ததில்லை. வேல்விழிக்கு அதில் பெருமையாகவே இருந்தது.

ப்ராஜெக்டை மேற்பார்வையிடும் பேராசிரியர் சுப்பராயன் பக்கங்களைப் புரட்டினார். “நல்லாதாம்மா பண்ணிக்கீற. கம்பெனி சீல் எங்க?”

“சீல் வாங்கப் போனா யாரும் உண்மையச் சொல்ல மாட்டாங்க சார். மூணாம் யூனிட்ல போட்ருக்கே.”

“அது பரீட்சைக்கும்மா. சீல் இல்லாத ப்ராஜெக்ட வைவாவுக்கே எடுக்க மாட்டாங்க. வெள்ளிக்கிழமை கடைசி நாள்.”

மூன்றாம் யூனிட்டை நடத்தியவரும் அவர்தான். வேல்விழிக்கு ஆத்திரமாக வந்தது. ஆனாலும் மூன்று வருடப் படிப்பைத் தூக்கி எறிய மனம் வரவில்லை. வியாழக்கிழமை வெற்றுப் படிவங்களோடு டில்லிபாபு முன்னால் போய் நின்றாள்.

“இன்னாம்மா, இத முன்னாடியே கேக்கறதுக்கு இன்னா? நாப்பது பேர நானே அனுப்பறேன். டீ டைம்ல முடிச்சிக்கலாம்.”

கால் மணி நேரத்தில் முடிந்தது. வரிசையில் தங்கமாரியும் இருந்தாள். பாதுகாப்பு பற்றிய கேள்வியில், குட்டையாகிப்போன விரலால் பேனாவை அழுத்திப் பிடித்து ‘மிகவும் திருப்தி’யில் டிக் போட்டாள்.

“ஒனக்குப் பட்டம் வேணும்லா, விடுட்டி” என்று மெல்லச் சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

புதுப் படிவங்களோடும் கம்பெனி சீலோடும் போன ப்ராஜெக்டுக்கு ஏ கிரேடு. களப்பணி சிறப்பு என்று எழுதியிருந்தார்கள். முதல் நாற்பது படிவங்கள் பெட்டிக்கு அடியில் கிடந்தன. பட்டம் வந்ததும் டில்லிபாபுவே அவளை ஆபீஸில் உதவியாளராக எடுத்துக்கொண்டார். ஆபீஸ்காரிக்கு மண்ணூர் அறை ஒத்துவராது என்று குன்றத்தூருக்குக் குடிபோனாள்.

மறுபடி மார்ச் வந்தது. ஷாரோன் என்ற மாணவி படிவக்கட்டோடு கேட்டில் நின்றாள். டில்லிபாபுவுக்கு வேறு மீட்டிங். “நீயே கூட நில்லு” என்று வேல்விழியை கேன்டீனுக்கு அனுப்பினார்.

அவள் போய் நின்றாள். பெண்கள் குனிந்து எழுத ஆரம்பித்தார்கள். கடைசி மேசையில் இருந்த தங்கமாரி நிமிர்ந்து ஒரு முறை அவளைப் பார்த்தாள். பிறகு எல்லாக் கேள்விக்கும் கடகடவென்று ஒரே கட்டத்தில் டிக் போட்டு, படிவத்தை நீட்டினாள்.

“இந்தாங்க மேடம்.”