இரண்டடி மரவை

எங்கள் மாமா தட்சிணாமூர்த்தி கடலூர்–சிதம்பரம் தடத்தில் தனியார் பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். அவர் பஸ்ஸில் ஏறியவர்கள் இறங்கியதும் முதல் வேலையாகச் சாமி கும்பிடுவார்கள். அவ்வளவு வேகம். அப்படிப்பட்ட மனிதர் போன வருடம் கடை கடையாக ஏறிக் கேட்ட ஒரே கேள்வி, "இது எவ்ளோ மெதுவா ஓடும்?"

கேட்டது மரம் கடையும் லேத்தைப் பற்றி. மகள் மோகனப்பிரியாவின் நிச்சயதார்த்தத்தில், அண்ணாமலை நகர் சம்பந்தி வீட்டார் நிறைந்த சபையில், "சீர்வரிசையில மொத சீரு நான் கடையற மரவைதான். ஒரே மரம், ரெண்டடி அகலம்" என்று அறிவித்துவிட்டார். மரவை என்றால் ஊறுகாய் வைப்போமே, அந்த மரக்கிண்ணம். அதில் இரண்டடி என்றால் குழந்தையைக் குளிப்பாட்டலாம். அன்றைக்கு அவரிடம் லேத்தும் இல்லை, மரமும் இல்லை. வாய் மட்டும் இருந்தது.

"அசிங்கப்பட்டா இவரு மட்டுமா படுவாரு? எம் பொண்ணு இல்ல அந்த வூட்ல போயி நிக்கணும்" என்றாள் மாமாவின் மனைவி தனம், என் அக்கா. அவள் பயந்ததில் நியாயம் இருந்தது. சம்பந்தியம்மா வாரம் தவறாமல் போன் போட்டு, "மரவை எந்த மட்டுல இருக்கு?" என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

லேத் தேடி அலைந்ததில் என் மொபைல் கடை பாதி நாள் பூட்டியே கிடந்தது. புதுச்சேரியில் பார்த்தது பொம்மை போல இருந்தது. மரம் சுற்றும் முனைக்கும் கீழே உள்ள இரும்புப் படுகைக்கும் நடுவே அரையடிதான் இடைவெளி. ஓரடிக் கிண்ணத்துக்கு மேல் சுற்றினால் இடிக்கும். இன்னொரு கடைக்காரர் வேகத்தைப் பற்றியே பெருமை பேசினார். "பெரிய கட்டய வேகமா சுத்துனா கழண்டு மூஞ்சிக்கு வரும்யா" என்று மாமா அவரிடம் சண்டைக்கே போய்விட்டார். கடைசியில் சிதம்பரத்தில், மூடிக்கிடந்த ஒரு நாற்காலிப் பட்டறையில் கிடைத்தது. யானைக் கனம். சுழலும் தலையை வெளிப்பக்கம் திருப்பிக்கொள்ளலாம். படுகை குறுக்கே வராது. மாமா அதன்மேல் ஏறிக் குதித்துப் பார்த்தார். அது அசையவில்லை, பட்டறைக்காரர்தான் பதறினார்.

லேத் மஞ்சக்குப்பத்து வீட்டுக் கார் ஷெட்டில் இறங்கியது. சின்னக் கட்டைகளில் பழகியதிலேயே வீடு முழுக்க மரத்தூள். சாம்பாரில் தூள், தலையணையில் தூள். "மிசின வச்சிக்கிட்டுக் குடும்பம் நடத்துங்க, நான் எங்கியாவது போறேன்" என்று அக்கா சொல்லாத நாளில்லை.

மரம்தான் கிடைக்கவில்லை. மரவாடியில் பலகை இருந்தது, இரண்டடி அகலத்தில் பச்சைத் தண்டு இல்லை. அதை நடுக்குருத்தில் பிளந்து பாதியைக் கடைந்தால்தான் வெடிக்காது என்பது அவர் கணக்கு. அண்ணாமலை நகர் சாலையோரத் தூங்குமூஞ்சி மரங்களைக் கட்டிப்பிடித்து அளந்தபோது, "சார், வூட்ல எதுனா பிரச்சனையா?" என்று காவலாளி அக்கறையோடு கேட்டார். துக்கம் விசாரிக்கப் போன வீட்டிலும் மாமாவின் கண் தோட்டத்து மரத்தின் மேல்தான்.

கார்த்திகைப் புயலில் வழி பிறந்தது. கிள்ளையில் மீன் வண்டி வைத்திருக்கும் கொளஞ்சி, மாமாவின் பழைய பயணி. ரோட்டோரம் அவர் இடத்தில் நின்ற கிழட்டு வேம்பு இடுப்பளவில் முறிந்து விழுந்திருந்தது. "எடுத்துக்க டிரைவரே" என்று சொல்லிவிட்டு அவர் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். தண்டை அறுக்கவும் தூக்கவும் மறுநாள்தான் ஆள் வரும். அதற்குள் யாராவது விறகுக்கு வெட்டிவிட்டால்?

மாமா கடைக்குப் போய் மஞ்சளும் குங்குமமும் வாங்கி வந்தார். தன் துண்டை மஞ்சளில் நனைத்து மரத்தில் கட்டி, குங்குமமும் வைத்தார். "மஞ்சத்துணி கட்டுன வேம்புல எவனாவது கோடாலி வைப்பானா மச்சான்?" என்று கேட்டு ஒரு சிரிப்பு வேறு.

மறுநாளும் அடுத்த நாளும் மழை. வெள்ளிக்கிழமைதான் போக முடிந்தது. மரத்தைப் பார்க்க அக்காவும் வந்தாள். போனால் அங்கே பொங்கல் பொங்கிக்கொண்டிருந்தது. எலுமிச்சை மாலை, சூலம், ஒலிபெருக்கி. நெற்றி நிறைய விபூதியோடு கொளஞ்சி ஓடிவந்தார்.

"டிரைவரே, ஆத்தா தானா வந்து எறங்கியிருக்கா. இனிமே வெட்ட முடியாது, மன்னிச்சிக்க."

உண்மையைச் சொன்னால் உதை விழும். சொல்லாவிட்டால் மரவை இல்லை. மாமா துண்டில்லாத தோளைத் தடவிக்கொண்டார். அக்கா மஞ்சள் துணியைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். கற்பூரம் ஏற்றினார்கள்.

அவ்வளவுதான், அக்காவுக்குச் சாமி வந்துவிட்டது.

கூந்தலை அவிழ்த்துவிட்டு அவள் ஆடிய ஆட்டத்தில் நான் நாலடி பின்வாங்கினேன். "டேய், வேரும் அடிக்கட்டையும் எனக்கு. விழுந்த தண்டு எம் பொண்ணு சீருக்கு. தூக்கிக்கிட்டுப் போங்கடா" என்றாள். கொளஞ்சி தரையில் விழுந்து கும்பிட்டார். மாமாவின் முகம் மலர்ந்தது. அவளோ இன்னும் மலையேறவில்லை.

"கல்யாணம் முடிஞ்ச மறுநாளே அந்த மிசினு வூட்ட உட்டுப் போவணும். போவுமா?"

ஊரே மாமாவைப் பார்த்தது. சாமி பொய் என்றால் துணி கட்டியது யார் என்று சொல்ல வேண்டும். எனக்கே பாவமாக இருந்தது. "போவும் தாயி" என்றார் மெல்ல.

தை மாதம் மரவை சபைக்கு வந்தது, நிறைய வெற்றிலையோடு. காயும்போது லேசாகக் கோணிக்கொண்டதை சம்பந்தியம்மா புது டிசைன் என்று நினைத்துத் தடவித் தடவிப் பார்த்தார். மோகனப்பிரியா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், மாமாவும் அழுதார். மறுநாள் காலையில் லோடு ஆட்டோ வந்து லேத்தை ஏற்றிக்கொண்டு போனது.

போனது கிள்ளைக்கு. இப்போது அம்மன் அடிக்கட்டைக்குப் பக்கத்தில், கொளஞ்சியின் கொட்டகையில் ஓடுகிறது. வெள்ளி, செவ்வாய் என்று ஆரம்பித்து, இப்போது தினமும் மாமா கோயிலுக்குப் போகிறார். நெற்றியில் குங்குமமும் தலையில் மரச்சீவலுமாகத் திரும்புகிறார். கோயிலுக்குப் போகிறவரை எப்படித் தடுப்பது?

போன வாரம் அக்கா என் கடைக்கு வந்து சொன்னாள்: "மாவட்டத்த உட்டே போவணும்னு சொல்லியிருக்கணும்டா."