பிள்ளையாருக்கு எத்தனை கை?

ஜப்பான்காரன் வந்ததிலிருந்து அரிசி கிடைப்பதில்லை; இன்றைக்கும் மரவள்ளிக்கிழங்குதான். பிள்ளைகள் இரண்டும் சோறு கேட்டு அழுதன. காஜா பெராங் பகுதியில் இருந்த எங்கள் வீட்டில் உட்கார்ந்திருக்க முடியாமல், மனைவியையும் பிள்ளைகளையும் ஜாலான் துக்காங் எமாஸ் தெருவில் உள்ள பிள்ளையார் கோயிலுக்கு நடத்திக் கூட்டிப்போனேன். நாள் மாறட்டும் என்றுதான்.

வழியில் ஜப்பான் சிப்பாய்; அவனைக் கண்டால் யாராயிருந்தாலும் இடுப்பு வரை குனிந்தாக வேண்டும். தோளில் சின்னவன் இருந்ததால் எனக்குச் சரியாகக் குனிய வரவில்லை. பிள்ளைகள் பார்க்க, கன்னத்தில் ஓர் அறை.

கோயிலில் மகள் கைகளைத் தொடையோடு ஒட்டிக்கொண்டு இடுப்பு வரை குனிந்தாள்.

“பிள்ளையாருக்குத் தோப்புக்கரணம் போடணும்மா” என்றேன்.

“நீங்களும் நல்லா குனிஞ்சிருங்கப்பா. இவருக்கு நாலு கை இருக்கு.”

சிரிக்கப் போன மனைவி அழுதுவிட்டாள். நான் சின்னவனை இறக்கிவிட்டு, நன்றாகவே குனிந்தேன்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் இப்போது சாமியை எப்படிக் கும்பிடுகிறார்கள்?