ஆதாரம் கேட்கும் தெய்வசிகாமணி

எங்கள் வரலாற்றுக் கழகத்தில் தெய்வசிகாமணி என்று கேட்டால் ஒரு நிமிடம் யோசிப்பார்கள். ‘ஆதாரம்’ என்றால் உடனே தெரியும். தட்டாஞ்சாவடியில் லேத் பட்டறை வைத்திருந்தார். நூலளவு பிசகினாலும் செய்த சாமானைத் தூக்கிக் கடாசிவிடுகிற ஆள். கழகத்திலும் அதே கதைதான். நான் ஒருமுறை, எங்கள் தெருவில் அந்தக் காலத்தில் யானை கட்டியிருந்தார்கள் என்று சந்தோஷமாக ஆரம்பித்தேன். பின் வரிசையிலிருந்து "ஆதாரம்?" என்று குரல் வந்தது. என் யானை அன்றோடு செத்தது. அந்தக் குரலைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மூன்று தங்கைகளைக் கரையேற்றுவதற்குள் அவருக்கு ஐம்பது தாண்டிவிட்டது. இனிக் கல்யாணமாவது ஒன்றாவது என்று நாங்களும் விட்டுவிட்டோம். அப்போதுதான் காலாப்பட்டிலிருந்து செல்வாம்பாள் உறுப்பினராக வந்து சேர்ந்தார். மொத்தக் கருவாட்டு வியாபாரம். கணவர் காலமாகிப் பல வருடம். வாய் என்றால் அப்படி ஒரு வாய். ஞாயிற்றுக்கிழமைகளில் கழகத்தோடு பழைய தெருக்களைச் சுற்றும்போது அந்தம்மாவோடு வாக்குவாதம் செய்தே நம் ஆள் விழுந்துவிட்டார்.

2007 மார்கழியில் துணிந்து கேட்டும்விட்டார். "எம்புள்ளய கேக்காம நான் ஒண்ணும் சொல்ல முடியாது. பொங்கல் விழாவுல சொல்றேன்" என்றாராம் அந்தம்மா. இதை என்னிடம் சொல்லி, யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். அதன்பிறகு மனுஷருக்குச் சோறு இறங்கவில்லை.

விழாவன்று கூடம் ஜேஜே என்று இருந்தது. கரும்பு, சர்க்கரைப் பொங்கல், வடை, போதாததற்குத் தலைவர் சக்கரபாணி கொண்டுவந்த கேக். பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரரான அவர் எங்களுக்கெல்லாம் முசியே, அதாவது பிரெஞ்சில் ஐயா. விழாவில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொருவரும் மைக்கில் ஊரைப் பற்றி ஒரு புதுச் செய்தி சொல்ல வேண்டும். ஆதாரம் கேட்டு மடக்கிவிட்டால் சொன்னவர் பாட்டுப் பாட வேண்டும். நம் ஆள் பதற்றத்தில் வழக்கத்தைவிட அதிகமாகவே கத்தினார். முசியேவையே பாட வைத்துவிட்டார்.

செல்வாம்பாள் மகன் விமல்ராஜோடு வந்திருந்தார். டெம்போ ஓட்டுகிற வளர்ந்த பிள்ளை. முகத்தில் சிரிப்பே இல்லை. அதைப் பார்த்ததும் காரியம் கெட்டது என்றே நினைத்தேன்.

முசியே கூப்பிட்டதும் அந்தம்மா எழுந்துபோய் மைக்கைப் பிடித்தார். "வர்ற மாசி மாசம் காலாப்பட்டுல ஒரு கல்யாணம் நடக்கப் போவுது" என்றார்.

"ஆதாரம்?"

பழக்க தோஷம். தெய்வசிகாமணிக்கு வாய் முந்திக்கொண்டது. நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

செல்வாம்பாள் இடுப்பில் கை வைத்து அவரை ஒரு பார்வை பார்த்தார். "யோவ், மாப்பிள்ளையே நீங்கதான்யா!"

ஒரு கணம் யாருக்கும் விளங்கவில்லை. விளங்கியதும் கைதட்டலும் விசிலும் கூரையைப் பிய்த்துக்கொண்டு போயின. முசியே ஓடிவந்து தெய்வசிகாமணியைக் கட்டிப்பிடித்தார். நம் ஆள் மட்டும் திறந்த வாயை மூடாமல் நின்றார். விமல்ராஜ் எழுந்து விறுவிறுவென்று அவரிடம் போனான். எங்கே கை வைத்துவிடுவானோ என்று நான் பாதி எழுந்துவிட்டேன். அவன் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"அப்பா, மொதல்ல உக்காருங்க."

அவ்வளவுதான், மனுஷர் குழந்தை மாதிரி தேம்பித் தேம்பி அழ ஆரம்பித்துவிட்டார். எனக்கும் அழுகை வந்துவிட்டது. அவரை அதுவரை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.