கம்பி வளர்ந்த கதை

பூமி இறங்குகிறதா என்று அளக்கப் போனவன் நான். இறங்கிக்கொண்டிருந்த படியை ஆதாரமாக வைத்துக்கொண்டு, "இறங்கவில்லை" என்று மூன்று மாதம் எழுதிக் கொடுத்தேன். அதற்குச் சம்பளமும் வாங்கினேன்.

வடக்கே ஒரு நிலக்கரிச் சுரங்கம். கள்ளக்குறிச்சியில் பஸ் ஏறி, மெட்ராஸில் ரயில் மாறினால் மூன்றாம் நாள் போய்ச் சேரலாம். அங்கே அடியில் ஒரு ராட்சத இயந்திரம் நிலக்கரியை நீளவாட்டில் சீவிக்கொண்டே போகும். அது நகர்ந்ததும் பின்னால் கூரையை இடிந்து விழ விட்டுவிடுவார்கள். மேலே இருக்கும் நிலம் மெல்ல உட்காரும். எவ்வளவு என்று பார்ப்பது என் வேலை. வரிசையாகப் பதித்த இரும்புக் கம்பிகளின் உயரத்தை, அசையாத ஒரு கல்லிலிருந்து பதினைந்து நாளுக்கொரு முறை அளக்க வேண்டும். சுரங்கத்தின் பாதிப்பு எட்டாத தூரத்தில், ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்தது அந்தக் கல்.

வெயிலில் யார் நடப்பது? ஒரே ஒரு தடவை அங்கிருந்து உயரத்தைக் கொண்டுவந்து, சுரங்கத்துக்கு மேலேயே இருந்த ஊரின் நடுவில், பம்ப் ரூம் படியில் சிவப்பு பெயிண்டால் குறித்துக்கொண்டேன். அதற்கப்புறம் எல்லாம் அந்தப் படியிலிருந்துதான். டீக்கடையும் பக்கம்.

அளவுகோல் பிடிக்க வந்தவர் எங்கள் கள்ளக்குறிச்சிக்கு மேலே இருக்கும் வெள்ளிமலைக்காரர், என் வயதுதான். நான்தான் கூட்டிப்போய் வேலையில் சேர்த்தேன். ஊருக்குள் இருந்த கம்பிகள் அசையவே இல்லை. ஊருக்கு வெளியே, ஓரத்தில் இருந்தவை மட்டும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் உயர்ந்திருந்தன.

"இன்னா சார், கம்பி வளருதுன்றீங்க?"

"மழை பேஞ்சிருக்குல்ல. உங்க மலையில சாமை வளரல?"

"சாமைக்கு வேரு கீது சார். கம்பி எப்டி வளரும்? இந்தப் படிதான் எறங்கிக்கினு கீது."

"யோவ், நீ கோலை நேரா புடி. மத்தத நான் பாத்துக்கறேன்."

இட ஒதுக்கீட்டுச் சண்டை கொதித்துக்கொண்டிருந்த சமயம் அது. அலுவலகத்தில் என் காதுபடவே கோட்டா என்பார்கள். மேலதிகாரி என் அளவுகளைப் பார்த்துவிட்டு முதுகில் தட்டி, "கோட்டாவுல வந்தாலும் வேலை சுத்தம்" என்று அவர் பாஷையில் சொன்னார். அறைய வேண்டிய வாய். நான் பல்லைக் காட்டினேன். இன்றைக்கும் அந்தப் பல் கூசுகிறது.

ஊரில் தனியாக இருந்த ஒரு கிழவி, சுவரில் விரிசல் என்று வந்தாள். கதவு சாத்த முடியவில்லையாம். விரிசலுக்குள் கை முழுதாகப் போவதைச் சைகையில் காட்டினாள். அவளுக்கு மாற்று வீடு உண்டா இல்லையா என்பது என் தாளில் இருந்தது. அதிகாரி தாளைத் தட்டிக் காட்டினார்: நிலம் அசையவில்லை, உன் சுவர் பழசு. அவள் என்னைப் பார்த்தாள். நான் தாளைப் பார்த்தேன்.

மனசு உறுத்தி, அந்த ஞாயிற்றுக்கிழமை வெள்ளிமலைக்காரரை இழுத்துக்கொண்டு ஓடையைத் தாண்டிப்போய்ப் பழைய கல்லிலிருந்து அளந்தேன். படி ஒரு சாணுக்கு மேல் இறங்கியிருந்தது, அதோடு சேர்ந்து ஊரும். மறுபடி அளந்தேன். அதே சாண்.

"இப்பவே போய் சொல்லிடலாம் சார்."

"லீவு முடிஞ்சு வந்து சொல்றேன்யா. இப்ப சொன்னா கோட்டான்னு சிரிப்பானுங்க."

"அந்தம்மா வூடு?"

"இவ்ளோ நாள் நின்ன வூடு, பத்து நாள் நிக்காதா? நான் வர்ற வரைக்கும் அசையக் கூடாதுன்னு நீ போய் ஆர்டர் போட்டுட்டு வா."

அவர் சிரிக்கவில்லை. நான் பத்து நாள் லீவில் சொந்த ஊருக்குக் கிளம்பினேன்.

உளுந்தூர்பேட்டைக்கு முன்னால், இட ஒதுக்கீடு கேட்டுச் சாலையில் மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். எங்கள் பிள்ளைகளுக்கும் வேலை கொடு என்று வெயிலில் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். நியாயம்தான். இப்படிப் பல பேர் கத்திக் கிடைத்த நாற்காலியில் உட்கார்ந்து நான் என்ன கிழித்தேன்? நாலு பேர் சிரிப்பார்களே என்று ஒரு கிழவியை விரிசலுக்குப் பக்கத்தில் விட்டுவிட்டு வந்திருந்தேன். பஸ்ஸை விட்டு இறங்கி, மரங்களைத் தாண்டி நடந்தேன். வழியில் தபாலாபீஸ் திறந்துதான் இருந்தது. ஒரு தந்தி கொடுத்திருக்கலாம். ரோடெல்லாம் மறியல், தந்தி எங்கே போய்ச் சேரப்போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தந்தி என்ன, பஸ்ஸிலா போகிறது? முட்டாள்.

எட்டாம் நாள், கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் வெள்ளிமலை பஸ்ஸுக்காக அவர் நின்றுகொண்டிருந்தார். அவருக்கும் லீவு போலிருக்கிறது என்று நினைத்தேன்.

"இன்னாய்யா, கம்பியெல்லாம் ஆள் உசரம் வளந்துடுச்சா?"

தோள் மூட்டையை இறக்காமலே சொன்னார். பின்சுவர் விழுந்துவிட்டது. கிழவி அடியில் மாட்டிக்கொண்டாள். உயிர் இருக்கிறது, இடுப்பு போய்விட்டது. இவர் நேரே அதிகாரியிடம் போய் ஞாயிற்றுக்கிழமை அளந்ததைச் சொல்லியிருக்கிறார். கோல் பிடிக்கிறவனுக்கு என்ன தெரியும் என்று வேலையை விட்டே துரத்திவிட்டார்கள்.

"இன்னிக்கே போறேன்யா. உண்மைய எழுதிக் குடுக்கறேன். போவலன்னா என்னை அந்தப் படியிலயே கட்டி வையி, நானும் சேந்து எறங்கறேன்."

அப்போதும் ஒரு ஜோக். பிறகு எழுதிக் கொடுக்கத்தான் செய்தேன். கிழவிக்கு வீடும் கிடைத்தது, படுத்துக் கிடக்க.

அன்றைக்கு, பஸ் படியில் கால் வைத்தவர் திரும்பிப் பார்த்தார்.

"இந்த ஜோக்கு சொல்றத நிறுத்துங்க சார். அன்னிக்கு நீங்க சிரிச்சு மழுப்பாம போய் சொல்லியிருந்தா, அந்தம்மா இன்னிக்கு நடந்துக்கினு இருக்கும்."