சாரல் காலத்தில் ஒரு கைக்குழந்தை

1950களின் கடைசியில், எனக்குக் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தபோதுதான் கொதிக்கும் கஞ்சி கொட்டி என் இடது கன்னம் வெந்தது. தழும்பைப் பார்த்ததும் பேச்சு நின்றுபோனது. அக்காவின் குழந்தைகள்கூட என்னைக் கண்டால் அழுதன.

மஞ்சள், சந்தனம், களிம்பு எல்லாம் பூசிப் பார்த்தேன். "எண்ணெய் போட்டு நீவினா இறுக்கம் குறையும். வடு முழுசாப் போகாதும்மா" என்றார் தென்காசி டாக்டர்.

மூலிகைத் தண்ணீர் பட்டால் மறையும் என்று யாரோ சொன்னதை நம்பி, சாரல் காலத்தில் தனியாகக் குற்றாலம் போனேன். அருவியின் வேகத்தில் முகத்தை மூடியிருந்த சேலைத் தலைப்பு விலகிவிட்டது. பதறி ஒதுங்கினேன். அங்கே நின்ற முன்பின் தெரியாத ஒருத்தி, என் முகத்தை நேராகப் பார்த்துக்கொண்டே தன் கைக்குழந்தையை என்னிடம் நீட்டினாள்.

"ஏட்டி, பிள்ளைய இங்கன கொஞ்சம் பிடி. தலைய நனைச்சுட்டு வந்துருதேன்."

"என் மூஞ்சியப் பாத்தா பிள்ள அழும்க்கா."

"அழுதா அழட்டும். எப்பவும் அழுவுததுதான" என்று சிரித்துக்கொண்டே அருவிக்குள் போய்விட்டாள்.

குழந்தை அழவில்லை. தழும்பைத் தடவிப் பார்த்துவிட்டு, என் தோளிலேயே தூங்கிப்போனது. அவள் திரும்பி வந்து வாங்கிக்கொண்டு போனபின், வெறுங்கையோடு வெகுநேரம் அங்கேயே நின்றேன்.

எண்ணெய் நீவி நீவி இறுக்கம் தளர்ந்தது, தழும்பு போகவில்லை. கல்யாணமும் ஆகவில்லை. ஆனாலும், முகத்தை முழுதாகப் பார்த்த பிறகும் ஒருத்தி என்னை நம்பிப் பிள்ளையைக் கொடுத்ததை, ஆளில்லாத வீட்டில் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.